அறுநூற்றுப் பதினோரு அழைப்புகள்

காலையிலிருந்து இது இரண்டாவது லென்ஸ். ஓரம் தேய்க்கிற சக்கரத்தில் கொஞ்சம் அழுத்திவிட்டாள், அவ்வளவுதான், விளிம்பில் ஒரு சில்லு தெறித்துப் போனது. கண்ணாடிக் கடையில் சேர்ந்த ஆறு வருஷத்தில் ஒரே நாளில் இரண்டு லென்ஸை அவள் வீணாக்கியதே இல்லை.

கடைக்காரர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னைக்குத்தானே கடைசி நாள்?"

"ஆமாண்ணே. நாலு மணிக்குக் கவுன்ட்டரை மூடிடுவாங்க."

"அப்ப இங்க நின்னு என் லென்ஸை எதுக்கு நொறுக்கறே? போய் உன் வேலையைப் பாரு. மூணாவதும் போச்சுன்னா நான் வெறும் ஃப்ரேமைத்தான் விக்கணும்."

தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு அவள் கவனம் ஏன் வேலையில் இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு நாலு வரி.

கல்யாணமாகி இருபத்திரண்டு மாதம். அதில் கணவனோடு ஒரே வீட்டில் இருந்தது நாற்பத்தொரு நாள். அவன் வெளிநாட்டில் லிஃப்ட் மெக்கானிக். மனைவியை அழைத்துக்கொள்ளக் குடும்ப அனுமதி கேட்டு மனுப் போட்டு மூன்று மாதம் ஆகிறது. ஒன்பது நாளைக்கு முன்னால் அனுமதி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது.

'தங்கள் கணவர் சமர்ப்பித்த போன் பதிவில் 611 அழைப்புகள் உள்ளன. அனைத்தும் அவருடைய தாயாரின் எண்ணுக்கே செய்யப்பட்டுள்ளன. தங்களுக்கும் அவருக்கும் தொடர்பு இருந்து வந்ததற்கு ஆதாரம் எதுவும் இல்லை. பதில் தரும் நாள் வரையிலான ஆதாரத்தோடு பத்து நாட்களுக்குள் பதில் வராவிட்டால் மனு முடித்துவைக்கப்படும்.'

முடித்துவைத்தால் அப்புறம் ஒரு வருஷத்துக்கு வாயே திறக்க முடியாது. அதற்குப் பிறகு மறுபடி முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும்.

படித்தபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு இன்னொரு தடவை படித்தாள். அந்த அதிகாரி எழுதியதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

அந்த வீட்டில் நடைமுறை அப்படி. அவளுடைய மாமியார் முப்பத்தோரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். தெருவில் எல்லோருக்கும் அவர் 'எக்ஸ்சேஞ்சம்மா'. ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்களே தவிர, உத்தியோகம் அவரை விட்டுப் போகவில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு மகன் அம்மாவின் போனுக்கு அடிப்பான். அவர் பேசி முடித்ததும், "இரு, லைன் குடுக்கறேன்" என்று போனை மருமகளிடம் நீட்டுவார். அவள் பேசி முடித்ததும் வாங்கிக்கொண்டு, நோட்டில் தேதி, மணி, யார் பேசினது, எத்தனை நிமிஷம் என்று எழுதி வைப்பார். எக்ஸ்சேஞ்சில் ஒவ்வொரு அழைப்புக்கும் சீட்டு எழுதிப் பழகிய கை அது, சும்மா இருக்காது.

அவளிடம் போன் இல்லாமல் இல்லை. கல்யாணமான புதிதில் ஒரு தடவை நேராக அடித்தும் பார்த்தாள். அவன் அப்போது லிஃப்ட் குழிக்குள் தொங்கிக்கொண்டிருந்தான். சாயங்காலம் அம்மாவின் போனில், "நீயா அடிச்சே? வீட்ல என்னமோ ஏதோன்னு நான் பதறிட்டேன். எல்லாத்தையும் ஏழு மணிக்கே பேசிக்கலாமே" என்றான். மாமியாரும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். எதற்கு வம்பு என்று அவளும் விட்டுவிட்டாள். நல்ல மருமகள் என்று பெயர் வாங்கினாள். அந்த நல்ல பெயர்தான் இப்போது கழுத்தைப் பிடிக்கிறது.

ஆனால் வழியும் அந்த வீட்டிலேயே இருந்தது. அந்த நோட்டுகள். எந்த நாள், எத்தனை மணிக்கு, மருமகள் எத்தனை நிமிஷம் பேசினாள் என்று இருபத்திரண்டு மாதத்துக்கும் கணக்காக எழுதியிருக்கிறதே! அதை இணைத்து, மாமியார் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் போதும்.

ஒன்பது நாளாக அந்த நோட்டுகளைத்தான் மாமியார் எடுத்துக் கொடுத்தபாடில்லை. "தேடறேன்" என்றார். "பீரோ சாவியைக் காணோம்" என்றார். நேற்று, "மழைத் தண்ணி பட்டுச்சோ என்னவோ" என்றார். மழை பெய்து மாதம் மூன்றாகிறது.

* * *

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி பதினொன்றரை. மாமியார் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார் என்பதை அவள் கவனித்தாள்.

"இன்னைக்குச் சீக்கிரமே வந்துட்டியே."

"நோட்டு வேணும் அத்தை."

"தேடிட்டுத்தான்..."

"நீங்க தேடல. பீரோ சாவி உங்க இடுப்புல இருக்கு. நேத்து ராத்திரி நான் பாத்தேன்."

மாமியார் முந்தானையை இழுத்துச் சாவியை மறைத்தார். அவளுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. இரண்டு வருஷமாக மென்று முழுங்கியதெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"நான் போகக் கூடாதுன்னு நினைக்கறீங்க, அதானே? நேராச் சொல்லிடுங்க. நான் போயிட்டா உங்களுக்கு யாரு இருக்கான்னு நினைக்கறீங்க. நினைங்க, தப்பே இல்ல. ஆனா எனக்கு அவர்கிட்ட போகணும். எனக்கு முப்பது வயசாகுது. என் புருஷன் எப்படித் தூங்குவார், குறட்டை விடுவாரா மாட்டாரான்னுகூட எனக்கு மறந்துபோச்சு."

சொன்ன பிறகுதான் யாரிடம் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. மாமியாரிடம் போய் இதைச் சொல்வார்களா? காது மடல் சூடாகிவிட்டது.

"விடுவான்" என்றார் மாமியார். "அவங்க அப்பா மாதிரியே."

எழுந்து போய் பீரோவைத் திறந்தார். மூன்று நோட்டுகளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். அட்டை போட்டு, வரிசை எண் எழுதி, ஒரு மூலைகூட மடங்காமல் இருந்தன. எந்த மழையும் அவற்றைத் தொட்டதாகத் தெரியவில்லை.

அவள் பரபரவென்று புரட்டினாள். சும்மா சொல்லக் கூடாது, அச்சடித்த மாதிரி எழுத்து. 'மாலை 7.04. தாய், 5 நிமிடம். மனைவி, 11 நிமிடம்.' 'மாலை 7.00. தாய், 2 நிமிடம். மனைவி, 19 நிமிடம். மருமகளுக்குக் காய்ச்சல்.' அந்தக் காய்ச்சல் அவளுக்கு நினைவிருந்தது. அவ்வளவு நேரம் பேசினோமா என்று ஆச்சரியமாக இருந்தது.

மூன்றாவது நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் நின்றாள். ஏழு வாரத்துக்கு முந்தைய தேதியோடு அது முடிந்திருந்தது.

"நாலாவது நோட்டு எங்க?"

"இது போதும்மா. இருபது மாசத்துக்கு இருக்கே."

"போதாது அத்தை. நேத்து வரைக்கும் கேக்கறாங்க. கடிதத்துல போட்டிருக்கு."

மாமியார் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. பயம் இருந்தது. அதைப் பார்த்ததும் அவள் புரட்டிய நோட்டை மூடி வைத்தாள்.

"முப்பத்தோரு வருஷம் அடுத்தவங்க பேச்சு என் காது வழியாத்தான் போச்சு" என்றார் மெதுவாக. "ஒரு வார்த்தை நான் வெளிய விட்டதில்லை. ஆனா எழுதாம இருக்கவும் எனக்குத் தெரியாது. நீயே பாத்துக்கோ."

தலையணை உறைக்குள்ளிருந்து நாலாவது நோட்டு வந்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் பழையபடிதான். ஏழு மணி, தாய், மனைவி. ஆனால் நடுநடுவே வேறு மாதிரி வரிகள். 'காலை 10.20. தாய், 8 நிமிடம். தனி.' 'காலை 10.45. தாய், 14 நிமிடம். தனி.' அவள் கடையில் இருக்கும் நேரம். விரலை வைத்து எண்ணினாள். பதினோரு வரி. கடைசி வரி முந்தாநாள், இருபத்துமூன்று நிமிடம்.

"எனக்குத் தெரியாம பேசியிருக்கீங்க."

"அவன்தான் அந்த நேரத்துல அடிப்பான்."

"என்ன பேசினீங்க?"

மாமியார் மடித்த துணியின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார். பிறகு, யாருக்கோ தந்தி வாசகம் படிப்பதுபோல், தலை நிமிராமல் சொன்னார்.

"கம்பெனி அவனுக்குக் குடும்பத்தோட இருக்கறதுக்கு வீடு ஒதுக்கியிருந்துச்சில்ல, மனுவோட அந்த லெட்டரை வச்சோமே, அந்த வீடு போயிடுச்சு. ஏழு வாரமாச்சு. ஆளைக் குறைக்கறாங்களாம், வீட்டையும் திரும்ப எடுத்துக்கிட்டாங்க. இவனை ஒரு ரூம்ல ஆறு பேர்ல ஒருத்தனாப் போட்டிருக்காங்க. மேல ஒருத்தன், கீழ ஒருத்தன்னு கட்டில். உன்கிட்ட சொல்லாதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினான். பெர்மிட் கையில வரட்டும், அப்புறம் வீடு பாத்துக்கறேன்னான்."

அவளுக்கு இன்னொன்று பளிச்சென்று நினைவுக்கு வந்தது. இரண்டு மாதமாக அவன் வீடியோவில் வருவதில்லை. கேமரா சரியில்லை என்றான். அவளும் நம்பினாள். கண்ணாடிக் கடையில் வேலை செய்து என்ன பயன், இவ்வளவு கிட்டே இருந்தது கண்ணுக்குத் தெரியவில்லை.

"பதினோரு தடவையும் இதேதானா?"

"பத்துத் தடவை இதுதான்."

"முந்தாநாள்?"

"அதை அவனே சொல்லட்டும்" என்று எழுந்துகொண்டார் மாமியார். "கிளம்பு. நானும் வர்றேன். கையெழுத்து நான்தானே போடணும்?"

* * *

பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இரண்டு சிக்னலில் பஸ் நின்றபோதும் அவள் எழுந்து எழுந்து முன்னால் பார்த்தாள். மூன்றாவதில் மாமியார் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

அனுமதி அலுவலகத்துக்கு எதிரில், படிக்கட்டுக்கு அடியில், ஒரு கம்ப்யூட்டரும் பிரின்ட்டரும் வைத்துக்கொண்டு மனு டைப் அடித்துத் தரும் அக்கா ஒருத்தி உண்டு. பார்த்த மாத்திரத்தில் ஆளை எடை போட்டுவிடுவாள்.

"புருஷன் அங்க, நீங்க இங்க, மாமியார் நடுவுல. சரியா? உக்காருங்க."

மாமியாரின் கடிதத்தைப் பத்து நிமிஷத்தில் அடித்து முடித்தாள். நோட்டுகளைப் புரட்டிப் படியெடுத்தபோது அவளே அசந்துபோனாள்.

"அம்மா, நான் பதினஞ்சு வருஷமா இங்க உக்காந்திருக்கேன். இந்த மாதிரி ஆதாரம் ஒருத்தரும் கொண்டுவந்ததில்ல. காய்ச்சல்கூட எழுதியிருக்கீங்களே. உங்க மருமக நாளைக்கே மூட்டையைக் கட்டலாம்."

மாமியார் சிரிக்கவில்லை. மருமகளும் சிரிக்கவில்லை. டைப்பிங் அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

"இந்தாங்க பதில் படிவம். கடைசியில ஒரு கேள்வி இருக்கும். முன்பு தந்த விவரங்களில் மாற்றம் உண்டா, இல்லையா. எல்லாரும் இல்லைன்னுதான் போடுவாங்க. டிக் அடிச்சிடறேன்."

"வேணாம்" என்றாள் அவள்.

அக்காவின் கை நின்றது.

"மாத்தம் இருக்குன்னு போட்டா என்ன ஆகும்?"

"இருக்கா என்ன?" என்று குரலைத் தாழ்த்தினாள் அக்கா. "ஃபைல் அடியில போயிடும். புதுப் பேப்பர் கேப்பாங்க. ஆறு மாசம் ஆகலாம், எட்டு மாசம் ஆகலாம். வீட்டு விஷயமா இருந்தா, வீட்டைக் காட்டற வரைக்கும் அசையாது."

"இல்லைன்னு போட்டு, அப்புறம் தெரிஞ்சா?"

"அஞ்சு வருஷத்துக்கு அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்க முடியாது. பொய் சொன்ன கேஸு ஆயிடும். ஆனா ஒண்ணு, எல்லாரையும் தோண்டித் துருவறது கிடையாது. உங்க அதிர்ஷ்டம்."

மணி மூன்று இருபது. அவள் படிவத்தை எடுத்துக்கொண்டாள், பேனாவை எடுத்துக்கொண்டாள், இரண்டு கட்டத்தையும் காலியாக விட்டுவிட்டு ரோட்டைக் கடந்தாள்.

* * *

உள்ளே டோக்கன் வாங்கி உட்கார்ந்தார்கள். முன்னால் ஏழு பேர். பிளாஸ்டிக் நாற்காலிகளின் கால்கள் தரையில் கிரீச்சிட்டுக்கொண்டே இருந்தன. மணி மூன்று நாற்பது ஆனபோது முன்னால் இன்னும் இரண்டு பேர்.

அவள் தன் போனை எடுத்தாள். அந்த எண்ணை அவள் ஒரே ஒரு தடவைதான் அடித்திருக்கிறாள். இது இரண்டாவது தடவை. மாமியார் ஓரக்கண்ணால் பார்த்தார். தடுக்கவில்லை.

நாலாவது தடவை மணி அடித்ததும் எடுத்தான்.

"என்னாச்சு? அம்மாவுக்கு ஏதாவது..."

"அத்தை நல்லா இருக்காங்க. நான் கவுன்ட்டர்ல உக்காந்திருக்கேன். வீடு போனது எனக்குத் தெரியும்."

அந்தப் பக்கம் ஏதோ இரும்புச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"நோட்டுல எழுதிட்டாங்களா?"

"தனின்னு எழுதியிருந்தாங்க. நான்தான் கேட்டேன். படிவத்துல மாத்தம் உண்டா இல்லையான்னு கேட்டிருக்கு. என்ன போடணும்?"

"இல்லைன்னு போட்டுடு. எவனும் வந்து பாக்க மாட்டான். நீ வந்ததும் நான் எப்படியாவது..."

"எப்படியாவதுன்னா? ஆறு பேர் ரூம்ல நான் ஏழாவதா?"

"நீ டென்ஷனா இருக்கே. அம்மாகிட்ட போனைக் குடு."

அவளுக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்து நாற்காலியில் மாமியார் முழுவதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மகனின் குரல் போனைத் தாண்டி வெளியே வந்தது. அவர் கை தானாகப் பாதி தூரம் நீண்டது. அப்புறம் என்ன நினைத்தாரோ, கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். 'நான் லைன்ல இல்லை' என்று உதட்டை மட்டும் அசைத்தார். எழுந்து போய் தூரத்துத் தூண் பக்கம் நின்றுகொண்டார்.

"அத்தை இங்க இல்ல" என்றாள் அவள். "இது என் போன். என்கிட்ட பேசுங்க."

அவன் வாயைத் திறக்கும் முன்னால் அவளே தொடர்ந்தாள்.

"நான் உண்டுன்னு போடப் போறேன். நீங்க இப்ப எங்க இருக்கீங்கன்னு உள்ளதை உள்ளபடி எழுதப் போறேன். எட்டு மாசம் ஆனாலும் ஆகட்டும். பொய் சொல்லி அஞ்சு வருஷம் போறதுக்கு இது மேல். உங்களுக்குச் சரியா?"

"என்னைப் பத்தி என்ன நினைப்பே? வீடு காட்டி உன்னைக் கட்டிக்கிட்டு, இப்ப..."

"வீட்டையா கட்டிக்கிட்டேன்? சொல்லுங்க, சரியா?"

"சரி" என்றான். ரொம்பச் சின்னக் குரலாக இருந்தது.

தோளில் போனை இடுக்கிக்கொண்டு முழங்காலில் படிவத்தை வைத்து, 'உண்டு' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். கீழே இருந்த நாலு கோட்டில் எழுதினாள். வீடு திரும்பப் பெறப்பட்டது, தற்போது பொது அறையில் ஆறு பேரில் ஒருவராக இருக்கிறார், வேறு வீடு கிடைத்ததும் தெரிவிக்கிறோம். எழுத்து ஒரு இடத்திலும் கோணவில்லை. காலையில் அந்த லென்ஸைப் பிடித்த கைதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"இன்னும் ஒண்ணு கேக்கணும். முந்தாநாள் அத்தைகிட்ட இருபத்துமூணு நிமிஷம் என்ன பேசினீங்க?"

"அது ஒண்ணுமில்ல" என்றான். போர்டில் அவள் டோக்கன் எண் வந்தது. மணி மூன்று ஐம்பத்தைந்து.

"சொல்லுங்க."

"திரும்பி வந்துடட்டுமான்னு கேட்டேன்" என்றான். "வேலையை விட்டுட்டு, மொத்தமா. முடியலை எனக்கு. அங்கயே ஏதாவது பாத்துக்கலாமான்னு கேட்டேன்."

அவள் எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அத்தை என்ன சொன்னாங்க?"

"இருபது நிமிஷம் ஒண்ணுமே சொல்லல. நான்தான் புலம்பினேன். கடைசியில, இதை என்கிட்ட கேக்காதே, உன் பொண்டாட்டிகிட்ட கேளுன்னாங்க. நீ பெர்மிட்டுக்காக இப்படி அலையறே. உன்கிட்ட எப்படிக் கேக்கறது?"

"அம்மா, டோக்கன் உங்களுதுதானே?" என்றார் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்த குமாஸ்தா. "குடுக்கறீங்களா, மூடட்டுமா?"

தூண் பக்கம் நின்ற மாமியாரைப் பார்த்தாள். அவர் இந்தப் பக்கமே திரும்பவில்லை.

படிவத்தையும் மாமியார் கையெழுத்துப் போட்ட கடிதத்தையும் நோட்டுப் படிகளையும் தடுப்பின் அடியில் தள்ளினாள். குமாஸ்தா கடைசிக் கட்டத்தைப் பார்த்தார், நிமிர்ந்து அவளைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் முத்திரை குத்தி ரசீதை நீட்டினார். அடுத்த நொடி கவுன்ட்டரின் திரை இறங்கியது.

"ஃபைல் உள்ள போயிடுச்சு" என்றாள் போனில். "இப்ப கேளுங்க. அத்தைகிட்ட கேட்டதை என்கிட்ட கேளுங்க."

"வந்துடட்டுமா?"

வா என்று சொன்னால் இந்த ரசீது குப்பைக்குப் போகும். வராதே என்று சொன்னால் அவன் அந்தக் கட்டிலுக்குத் திரும்பிப் போவான். ரசீதை இரண்டாக மடித்தாள். இருபத்திரண்டு மாதத்தில் அவன் அவளிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி இது.

"தெரியலைங்க" என்றாள். அழுகை வந்துவிட்டது. "எனக்குத் தெரியல. ஆனா வச்சிடாதீங்க. பேசிட்டே இருங்க."